பலகை கொள்ளாத விருந்து

சிவப்பு ஒயின் கறையை எடுக்க முதலில் வேண்டியது பொறுமை, அடுத்தது கொதிக்கிற தண்ணீர். சோப்பைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. சோப்புப் பட்டால் சிவப்பு நீலமாகிவிடும், அந்த நீலம் துணி கிழிகிற வரைக்கும் போகாது. கறை பட்ட இடத்தை வாளியின் வாயில் இழுத்துக் கட்டி, மேலே உப்பைத் தூவி, கெட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி, அங்கிருந்து வெந்நீரை ஊற்ற வேண்டும். கறை கண்ணெதிரே கரைந்து இறங்கும். இதைச் செய்யும்போது என் பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. பேசினால் தண்ணீர் துணியில் விழாமல் என் காலில் விழும். இதை எத்தனை தடவை சொன்னாலும் குட்டியின் மண்டையில் ஏறாது. அழுக்குத் துணி மூட்டையைக் கொண்டுவந்து போட்ட கையோடு முக்காலியில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்துவிடுவாள்.

என் சலவைக்கடைக்கும் அவர்களுடைய ஒயின் பாருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பார் என்றதும் தள்ளுமுள்ளும் தகராறுமாக ஓர் இடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே நீளமாக ஒரே மேசை. அதன் மேல் நான் வெளுத்துக் கொடுக்கிற வெள்ளை விரிப்பு. சுவரோரம் படுத்துக் கிடக்கிற பாட்டில்கள். பின்னால் திரை போட்ட சமையலறை, மாடியில் வீடு. மாதத்துக்கு ஒரு ருசிநாள், ஒரு விருந்துநாள். ருசிநாளில் வரிசையாகப் பல ஒயின்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். வந்தவர்கள் முகர்ந்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, ஜாடியில் துப்பிவிட்டு, அடுத்ததற்குப் போவார்கள். விருந்துநாளில் யாரும் துப்புவதில்லை. சாப்பாடும் உண்டு, குடிப்பதும் உண்டு.

முதல் தடவை ருசிநாளைப் பார்த்தபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். “காசு குடுத்து வாங்கித் துப்புற கூட்டத்த இப்பத்தான் பாக்கறேன்” என்றேன்.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். “எல்லாத்தையும் முழுங்கினா கடைசி ஒயினுக்கு நாக்கே இருக்காதுக்கா. அதுலயும் ஊத்தறவ முழுங்கினா கடையே இருக்காது.”

அண்ணி என்று நானும் சொல்கிறேனே தவிர, அவர் என்னைவிடச் சின்னவர். குட்டி கூப்பிடுகிறாள் என்று தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, தபால்காரர் வரைக்கும் அவர் அண்ணி. குட்டி அவருடைய நாத்தனார். நாற்பதைத் தாண்டியவளைக் குட்டி என்று கூப்பிடுவது எனக்கே சிரிப்புத்தான். அவள் அண்ணன் வைத்த பெயர் அது, ஒட்டிக்கொண்டுவிட்டது. பாரைத் தொடங்கினவரும் அந்த அண்ணன்தான். ஒரு மழைக்காலத்தில் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை.

ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போகவில்லை. அண்ணி முன்பக்கம் நின்று ஒயினைப் பற்றிப் பேசினார், ஊற்றினார், விருந்தாளிகளைச் சிரிக்க வைத்தார். குட்டி திரைக்குப் பின்னால் சமைத்தாள். அவள் சமையலுக்காகவே வருகிறவர்கள் உண்டு, ஆனால் அவளை யாரும் பார்த்ததில்லை. சுவரில் இருக்கிற சின்ன ஜன்னல் வழியாகத் தட்டுகள் மட்டும் வெளியே வரும். “சமைச்சவங்களக் கூப்பிடுங்க” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கரண்டியும் கையுமாகப் பின்வாசல் வழியாக என் கடைக்கு ஓடிவந்து இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றுகொள்வாள்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் என்றால் நாலு பேச்சு வரத்தான் செய்யும். இவர்களுக்குள்ளும் வந்தது. வெங்காயம் எந்த நிறத்துக்கு வதங்க வேண்டும் என்பதில் வந்தது, ஜன்னலை யார் திறந்துவைத்தது என்பதில் வந்தது. பேசித் தீர்க்க வேண்டிய பெரிய விஷயம் எதுவும் வரவில்லை. அதனால் அதற்கு அவர்களுக்குப் பழக்கமும் இல்லை.

அப்படி ஒன்று வந்திருப்பது எனக்குத் தெரிந்தது மாவினால்.

அண்ணி வேலை நேரத்தில் கறுப்புச் சட்டைதான் போடுவார். அந்த வாரத்து மூட்டையைப் பிரித்தபோது சட்டையின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில், வெள்ளையாக மாவு. அண்ணி மாவைத் தொடுவதே இல்லை. தொட்டாலும் தன் கையால் அந்த இடத்தில் பூசிக்கொள்ள எந்தப் பெண்ணாலும் முடியாது. விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன, பெரிய கை. நான் சட்டையைப் பார்த்தேன், பிறகு முக்காலியில் உட்கார்ந்திருந்த குட்டியைப் பார்த்தேன்.

“தட்டிப் பாத்தேன்க்கா, போக மாட்டேங்குது” என்றாள்.

“மாவுதானே, தண்ணியில போட்டா போயிடும்.”

“மாவு போயிடும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் கதை எதுவும் சொல்லவில்லை.

மாவு என்றால் எங்கள் தெருவில் ஒரே ஆள்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வேனில் வருகிற ரொட்டிக்காரர். பாருக்கு வேண்டிய ரொட்டியை அவர்தான் பின்வாசலில் இறக்குவார். ஆள் கதவு அகலத்துக்கு இருப்பார், பேச்சு மட்டும் சாவித் துவாரம் அளவுக்கு. எவ்வளவு கழுவினாலும் காது மடிப்பில் மாவு இருக்கும். அவர் ஊரடங்கின பிறகு எழுந்து அடுப்பு மூட்டி விடிவதற்குள் வேலையை முடிப்பவர், அண்ணி சாயங்காலம் கடை திறப்பவர். இவர் விழிக்கிற நேரம் அவர் தூங்குகிற நேரம். மத்தியானம் ரொட்டி இறக்குகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு பேரும் எப்படித்தான் இவ்வளவு தூரம் வந்தார்களோ, எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இரண்டு நாள் கழித்து அண்ணியே வந்தார். துவைத்த கைத்துண்டுகளை எண்ணிக்கொண்டே சொன்னார்.

“அக்கா, அவர் கேட்டாரு.”

“என்ன கேட்டாரு, ரொட்டிக்கு வெல ஏத்தணும்னா?”

“விளையாடாதீங்கக்கா. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாரு. அவங்க ஊருக்கு வந்துடறீங்களான்னு. அவங்கம்மாவுக்கு வயசாயிடுச்சு, அடுப்பையும் விட்டுட்டு அவரால வர முடியாது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னுதான் வாயில வந்துச்சு. இத்தன வருஷம் கழிச்சு ஒருத்தர் கேட்டதும் இப்படிச் சட்டுனு வருதேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. ஆனா, குட்டிகிட்ட சொல்லணுமேக்கா. அவளுக்கு நான்தான், எனக்கு அவதான்னு இருந்துட்டோம். எப்படி ஆரம்பிக்கறது?”

குட்டிக்கு ஏற்கெனவே தெரியும் என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மென்று முழுங்கினேன். அது அவள் சொல்ல வேண்டியது, அல்லது இவர் கேட்க வேண்டியது. அடுத்த வீட்டு அடுப்பில் நான் கரண்டியை விடுவதில்லை, என்னைப் பற்றித் தெருவில் என்ன பேசினாலும் சரி.

“ஆறப் போடாதீங்க, சீக்கிரம் சொல்லுங்க” என்றேன்.

“அடுத்த விருந்து முடியட்டும், சொல்லிடறேன்” என்றார்.

அந்த வார்த்தையை யாரோ குட்டிக்குக் கடத்தினது போல, மறுநாளே பலகை மாற ஆரம்பித்தது.

பார் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. வரப்போகிற ருசிநாளும் விருந்துநாளும் அதில் இரண்டே வரியாக இருக்கும். நாளைத் தீர்மானிப்பது அண்ணி, எழுதுவது குட்டி. அவள் எழுத்து அச்சுப் போல இருக்கும். அன்றைக்கு அண்ணி சொல்லாமலே மூன்றாவதாக ஒரு வரி கூடியிருந்தது: காளான் விருந்து. அதற்கடுத்த வாரம் வெங்காய விருந்து. பிறகு பழைய பாட்டில்கள் ருசிநாள், நெருப்பில் வாட்டின மீனும் வெள்ளை ஒயினும், மழைக்கால விருந்து, மழை விட்ட பிறகு ஒரு விருந்து. எழுத்து சின்னதாகிக்கொண்டே போய்க் கடைசியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆனது. இடம் போதாமல் இன்னொரு பலகை வாங்கிவந்து அதற்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தாள்.

ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். இந்தத் தெருவில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று படித்து, உள்ளே போய் இடம் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள். இடம் சொன்னவர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வாக்குக் கொடுத்த பிறகு அண்ணி எப்படிக் கிளம்புவார்? அவர் ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டு யாரும் பார்த்ததில்லை. குட்டிக்கு அது நன்றாகத் தெரியும்.

எனக்கும் வேலை இரட்டிப்பானது. அது மழைக்காலம் வேறு. விரிப்புகள் கொடியில் நாள் கணக்காகத் தொங்கின, காயாத துணியின் வாடை கடையை விட்டுப் போகவில்லை. இஸ்திரி போட்டே உலர்த்தினேன். என் எரிச்சலை அந்தத் துணிகள் கேட்டிருந்தால் கறை தானாகவே கழன்று ஓடியிருக்கும்.

ஒருநாள் தூறலில் ரொட்டிக்காரர் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலையில் காலி மாவுச் சாக்கு.

“அக்கா, ‘அடுத்த குளிர்கால விருந்து’ன்னு போட்டிருக்கே. வரப்போற குளிரா?”

“நல்லாப் படிங்க. ‘அதற்கும் அடுத்த’ன்னு மேல சின்னதா எழுதியிருக்கா பாருங்க.”

குனிந்து படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

“அதுக்கு என்ன ரொட்டி வேணும்னு ஏதாவது சொன்னாங்களா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏங்க, உங்களுக்கு ரோஷமே வராதா? உங்க கல்யாணத்தத் தள்ளிப் போடற விருந்து ஒவ்வொண்ணுக்கும் நீங்களே ரொட்டி சுட்டு, நீங்களே தூக்கிட்டு வர்றீங்களே!”

அவர் காதைத் தடவிக்கொண்டார். “நான் சுடலன்னா வேற யாராவது சுடுவாங்க. அந்த ரொட்டிய அவங்க சாப்பிடணுமே” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தத் தங்கச்சி ஏன் எழுதுதுன்னு எனக்குத் தெரியும்க்கா. அதுமேல எனக்குக் கோபம் வரல. எங்கம்மா மட்டும்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க, எப்ப கூட்டிட்டு வருவேன்னு” என்றார்.

ரொட்டி இறக்க வரும்போதெல்லாம் குட்டி அவர் முகத்தைப் பார்க்காமல் கூடையை மட்டும் பார்த்து வாங்கிக்கொள்வாள். அந்த மனிதர் இதையெல்லாம் வைத்துக்கொண்டு அப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. சொல்லவில்லை. “சாக்க எடுங்க, தல பூரா பசையாயிடும்” என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரொட்டிக்காரர் வீட்டுக்குப் போவதாக அண்ணி முடிவு செய்தார். ஞாயிறு பாருக்கு விடுமுறை, அன்றைக்கு எந்த விருந்தும் குறுக்கே வர முடியாது. அவருடைய அம்மா சமைத்துவைத்துக் காத்திருப்பதாக ஏற்பாடு. அண்ணி குட்டியிடம், “ஞாயித்துக்கிழம ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேல இருக்கு, போயிட்டு வந்து உங்கிட்ட ஒண்ணு பேசணும்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலையில் பலகையில் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், ‘இந்த ஞாயிறு மதியம் வெள்ளை ஒயின் ருசிநாள்’ என்று இருந்தது.

அண்ணி பலகை முன்னால் நின்றதை நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். துணியை எடுப்பார், அழிப்பார் என்று எதிர்பார்த்தேன். சட்டைக் கையால் பலகையின் மேல்விளிம்பில் இருந்த மழைத்தண்ணீரைத் துடைத்துவிட்டு உள்ளே போய், ஒயின் அனுப்புகிறவருக்குப் போன் செய்தார். பாத்திரத்தை எடுத்துக் குட்டியின் தலையில் போட வேண்டும் போல இருந்தது எனக்கு.

சாயங்காலம் மூட்டையோடு வந்தவளைக் கதவைச் சாத்தி நிறுத்திக்கொண்டேன்.

“உக்காருடீ. உனக்கு மனசுல என்ன நெனப்பு?”

“என்னக்கா?”

“ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரிப் பேசாத. அந்த மனுஷி எளச்சு எலும்பாயிட்டாங்க. முந்தாநாள் பாட்டிலத் தொறந்துட்டு மூடிய எங்க வெச்சேன்னு தேடறாங்க, அது அவங்க வாயிலயே இருக்கு. இப்ப ஞாயித்துக்கிழமையும் போச்சு. உங்க அண்ணிய நீ என்ன வேலைக்காரின்னு நெனச்சியா?”

அவள் முகம் சுருங்கியது. “அப்படிச் சொல்லாதீங்கக்கா.”

“வேற எப்படிச் சொல்றது?”

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கறை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

“அவங்க அங்க போயிட்டா எனக்கு அவங்க யாருக்கா?”

“இதென்ன கேள்வி? உன் அண்ணிதான்.”

“அது எப்படி? அண்ணன் பொண்டாட்டி அண்ணி. அண்ணன் இல்ல. இன்னொருத்தர் பொண்டாட்டியாயிட்டா அந்த அண்ணியும் இல்ல. அவங்களுக்குப் புது வீடு, புது மாமியார், அங்க நாத்தனாருன்னு வேற யாராவது இருப்பாங்க. நான் எந்த உரிமையில அந்த வீட்டுக் கதவத் தட்டறது? யாருன்னு கேட்டா என்னன்னு சொல்றது? அண்ணான்னு கூப்பிடறதுக்குத்தான் ஆள் இல்லாமப் போச்சு. அன்னிக்கிலேர்ந்து அந்த வார்த்தையே என் வாயில வரலக்கா. அண்ணின்னு கூப்பிடவாவது ஒருத்தங்க இருந்தாங்க.”

தண்ணீர் என் காலில் விழுந்தது. கத்தினேன். அவள் பதறி எழுந்து துணியை நனைத்து என் பாதத்தில் போட்டாள். வலியைவிட அவள் சொன்னதுதான் சுருக்கென்று இருந்தது. இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா?

“அப்ப வாயத் தொறந்து அவங்ககிட்ட சொல்லித் தொலையேன்!”

“என்னன்னு சொல்றது? போகாதீங்கன்னு சொன்னா உடனே நின்னுடுவாங்க. அது பாவம்க்கா, நான் சொல்ல மாட்டேன். போயிட்டு வாங்கன்னு சொல்லலாம்னு பாத்தா, அது வர மாட்டேங்குது. ரெண்டும் சொல்ல முடியல. எழுதத்தான் முடியுது.”

முதுகைத் தட்டி அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. இருந்தாலும் மேசை நிறைந்துவிட்டது. என் கடைக்கும் அன்று விடுமுறை என்பதால் கோப்பை துடைக்கக் கூப்பிட்டார்கள். சமையலறையில் நின்று, கொதிக்கிற பாத்திரத்தின் ஆவியில் கோப்பையைக் காட்டிக் காட்டி, நூல் பிரியாத துணியால் துடைத்துச் சின்ன ஜன்னலில் வைத்துக்கொண்டிருந்தேன். குட்டி அடுப்படியில் பூசணி சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக மேசை முழுவதும் எனக்குத் தெரிந்தது.

அண்ணி வழக்கம்போல ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து, கெட்டுப்போகவில்லையே என்று தான் முதலில் ஒரு வாய் ருசித்துப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கு ஊற்றினார். பேச்சும் வழக்கம்போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சிரித்தார். பிறகு ஒரு பாட்டிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து வேறொரு பாட்டிலில் கொண்டுபோய் முடித்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. அவருக்கு முன்னால் இருந்த துப்புகிற ஜாடியை எட்டிப் பார்த்தேன். பல் டாக்டர் ஒருவர் தவறாமல் வருவார், அவருடையது நிறைந்திருந்தது. அண்ணியின் ஜாடி துடைத்துவைத்தபடி காய்ந்து கிடந்தது.

“குட்டி, உங்க அண்ணி துப்பவே இல்லடீ. அத்தனையும் முழுங்கியிருக்காங்க” என்றேன்.

“போங்கக்கா, அண்ணியாவது முழுங்கறதாவது” என்றாள். எட்டிப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். தூக்கமும் இல்லாமல், காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் போடாமல், மனசு வேறெங்கோ இருந்தால் துப்ப வேண்டும் என்பது எங்கே ஞாபகம் வரும்? 

அந்த நேரம் பார்த்துத்தானா பல் டாக்டர் கேட்க வேண்டும்?

“பலகை முழுக்க எழுதி வெச்சிருக்கீங்களே, எதுக்கு வர்றது எத விடறதுன்னே தெரியல. நீங்களே சொல்லுங்களேன்.”

“எல்லாத்துக்கும் வாங்க டாக்டர்” என்றார் அண்ணி. “நானும் எல்லாத்துக்கும் இருப்பேன். நான் இருக்கணும்னுதானே அத்தனையும் எழுதியிருக்கா.”

“யாரு?”

“என் நாத்தனார். சண்ட போடத் தெரியாதவ. ஊருல நாத்தனாருங்க எல்லாம் அண்ணிய எப்படா வெளிய அனுப்பலாம்னு பாப்பாங்க. இவ நான் போயிடக் கூடாதுன்னு விருந்து வெக்கறா.”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் அவர் பேச்சு நிற்கவில்லை.

“போகாதீங்கன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த மனுஷர்கிட்ட முடியாதுங்கன்னு சொல்லிட்டு இங்கயே இருந்திருப்பேன். எனக்கு ஒண்ணும் கொறஞ்சிருக்காது. சொல்லல. போயிட்டு வாங்கன்னும் சொல்லல. உள்ள நின்னு வெங்காயம் வதக்கறா. நான் எப்படிப் போவேன்? போகாமத்தான் எப்படி இருப்பேன்? எனக்கு ரெண்டு பேரும் வேணும் டாக்டர். அது அவ்வளவு பெரிய ஆசையா?”

பல் டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். கையில் பாட்டிலோடு அண்ணி அப்படியே நின்றார்.

குட்டி கரண்டியை விட்டுவிட்டாள். சூப் கொதித்து அடுப்பில் வழிந்தது, நான்தான் அணைத்தேன். திரும்பினால் பின்வாசலில் ரொட்டிக்காரர். கூடை நனையாமல் சட்டைக்குள் அணைத்துப் பிடித்திருந்தார். அவரும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

“ரொட்டி” என்றார். “அம்மா சமைச்சு வெச்சிருந்தாங்க. இன்னிக்கு இங்க வேலன்னு சொல்லிட்டேன். பரவால்ல. இதக் குடுத்துட்டுப் போயிடறேன்.”

குட்டி முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

“உள்ள வாங்க.”

“காலெல்லாம் சேறா இருக்கும்மா.”

“நான் தொடச்சுக்கறேன். வாங்க.”

சொன்னவள் நிற்காமல் திரையை விலக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள். யாராவது கூப்பிட்டாலே இஸ்திரி மேசைக்குப் பின்னால் ஒளிகிறவள், ஏப்ரனில் பூசணிக் கறையோடு அத்தனை பேருக்கு முன்னால் போய் நிற்கிறாள்! அண்ணியின் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள். கோப்பையில் பாட்டில் இடித்துச் சத்தம் கேட்டது. ஒரு வாய் ஊற்றி முகர்ந்தாள், ருசித்தாள், துப்பினாள். ஜாடியில் விழவில்லை, நான் காலையில்தான் போட்ட விரிப்பில் விழுந்தது. வெள்ளை ஒயின் என்பதால் விட்டேன்.

அத்தனை கண்களும் அவள் மேல்தான் இருந்தன. அண்ணி என்றால் இந்த இடத்தில் மண், வெயில், திராட்சை, பழ வாசனை என்று அழகாகச் சொல்வார்.

“நல்லா இருக்கு” என்றாள் குட்டி. அவ்வளவுதான். பல் டாக்டர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நீங்க உக்காருங்கண்ணி. இனிமே நான் ஊத்தறேன்.”

“உனக்கு எதுக்குடீ...” என்று ஆரம்பித்த அண்ணி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். அந்த மேசையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

குட்டி பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்தாள். பிறகு திரைப் பக்கம் திரும்பினாள். ரொட்டிக்காரர் சேற்றுக் காலோடு, கூடையை அணைத்தபடி, வருவதா போவதா என்று நின்றிருந்தார். அண்ணி அப்போதுதான் அவரைப் பார்த்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது, அது ஒயினால் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

“இவர் யாரு?” என்று கேட்டார் பல் டாக்டர்.

குட்டி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“எங்க அண்ணன்” என்றாள்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

“என் அண்ணியக் கட்டிக்கப் போறாரு. அப்ப எனக்கு அண்ணன்தானே? வேற யாரு?” அவள் குரல் உடைந்துவிட்டது, ஆனால் நிறுத்தவில்லை. ரொட்டிக்காரரைப் பார்த்து நாற்காலியைக் காட்டினாள். “வந்து உக்காருங்கண்ணா.”

நான் துடைத்துக்கொண்டிருந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டேன். அண்ணி வெளிப்படையாகவே அழுதுகொண்டிருந்தார். ரொட்டிக்காரர் கூடையை மேசை மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஊத்தும்மா” என்றார்.